அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே

ஓசூர் பேருந்து நிலையத்தில் விடிகாலை ஐந்தரை மணிக்கு நின்று பாருங்கள். டீக்கடைக்காரர் தமிழில் விலை சொல்வார். வாங்குபவர் தெலுங்கில் சில்லறை கேட்பார். பக்கத்து பெஞ்சில் ஒருவர் செல்போனில் கன்னடம் பேசிக்கொண்டிருப்பார். யாரும் யாருக்கும் மொழிபெயர்ப்பதில்லை. கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்ததும் பாதி டீயை வைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக ஏறிவிடுவார்கள். ஊரின் பெயரே கன்னடம்தான்: ஹொச ஊரு, புதிய ஊர்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது, கோவை மாவட்டத்துக் கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. அன்று சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நின்றது. மூன்று மொழியும் வீட்டுமொழியாக இருந்த ஒரு வட்டம், வரைபடத்தில் ஒரு கோட்டின் இந்தப் பக்கம் விழுந்தது. இன்றைய ஓசூரை உருவாக்கியது அந்தக் கோடுதான் என்பது என் எண்ணம்.

அதற்கு முன்பு ஓசூரைப் பற்றி வெளியூரார் அறிந்தது குறைவு. பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜியைச் சொல்வார்கள். அவர் 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமராகி, மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சொந்தச் சேலம் மாவட்டத்தில்தான். மற்றபடி ராகி, அவரை, மத்திகிரி கால்நடைப் பண்ணை. மானாவாரி மண். 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது ஓசூரும் அதோடு போனது. பின்தங்கிய மாவட்டம் என்ற பெயரும் கூடவே வந்தது.

அந்தப் பெயரே பிறகு கைகொடுத்தது. பின்தங்கிய பகுதியில் தொழில் தொடங்கினால் அரசின் சலுகை உண்டு. பெங்களூரு நாற்பது கிலோமீட்டரில். வெயிலும் அவ்வளவாகச் சுடாது. எழுபதுகளில் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் இங்கே நிலத்தை எடுத்து, சாலை போட்டு, மனைகளாகப் பிரித்தது. 1980இல் அசோக் லேலண்டின் ஆலை வந்தது. அதே ஆண்டில் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து உருண்டு வெளியே போனது. பால்காரரும் பூக்காரரும் வண்டி ஓட்டிய கதை அதில்தான் தொடங்குகிறது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் கைகோத்து 1984இல் தொடங்கிய டைட்டன், பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைக் கிராமங்களில் தேடிப் பிடித்தது. அதுவரை களைக்கொத்து பிடித்த கை, இடுக்கியால் கடுகளவு பல்சக்கரத்தை எடுத்துக் கடிகாரத்துக்குள் பொருத்தக் கற்றுக்கொண்டது. இந்த வட்டாரத்தின் பெரிய நிகழ்வு எது என்று கேட்டால், அந்தக் கைகள் பழகிய நாட்களைத்தான் சொல்வேன். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் 2019இல் ஓசூர் மாநகராட்சியானதும் அதன் பிறகு வந்தவை.

அதே எல்லைக்கோடு வலித்த நாட்களும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினைக்காகப் பெங்களூருவில் கலவரம் மூண்டபோது, தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்த முதல் ஊர்களில் ஓசூர் ஒன்று. 2016 செப்டம்பரில் மறுபடியும் பேருந்துகள் எல்லையில் நின்றன. தலையில் பை, இடுப்பில் குழந்தையோடு கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளியிலிருந்து தமிழகப் பக்கத்து ஜூஜூவாடிக்கு ஜனங்கள் நடந்தே வந்தார்கள். தினமும் ஷிப்டுக்குப் போய்வரும் அதே சாலைதான் அது.

இந்தக் கோட்டை மதிக்காத ஒன்று தென்பெண்ணை ஆறு. நந்தி மலையில் பிறந்து, தட்சிண பினாகினி என்ற பெயரில் கர்நாடகத்தைக் கடந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. வரும் வழியில் பெங்களூருவின் கழிவும் ஆலைக்கழிவும் அதில் கலக்கின்றன. மழைக்குப் பின் மதகு திறக்கும் நாளில் நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கி, தரைப்பாலத்தையே மூடிவிடுகிறது. காற்றடித்தால் பஞ்சுப்பொதி மாதிரி பறந்து வயலில் விழுகிறது. நாற்றம் ஊருக்குள் வருகிறது. அந்தத் தண்ணீர்தான் கீழே கிருஷ்ணகிரி அணைக்குப் போகிறது. 1957இல் காமராசர் திறந்துவைத்த அணை அது.

ஆலைகளுக்காக இரு மாநிலத்துச் சாலைகளும் இணைந்திருக்கின்றன. 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதும் ஓய்ந்தது. இதே அக்கறையோடு இரண்டு அரசுகளும் ஆற்றங்கரையிலும் உட்கார்ந்து பேச வேண்டும். நுரை படிந்த வரப்பில் நின்று தண்ணீர் பாய்ச்சும் விவசாயிக்கு இந்த ஆண்டும் வேறு வாய்க்கால் இல்லை.