ஆறாவது அறிவு எங்களிடம் உண்டா?

(பழைய மாணவியர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் ஒரு பேச்சு வேண்டும் என்று செயலாளர் கேட்டார். தலைப்பைத் தெரிவுசெய்யும் வேலையையும் எங்களிடமே விட்டுவிட்டார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருப்பவர்களோடு ரொறன்ரோ, லண்டன் என்று போனவர்களும் ரெலிபோனில் கூடினோம். பழைய கதை எதைத் தொடங்கினாலும் யாராவது ஒருத்தி, “அன்றைக்கு என்ர மனம் ஏதோ சொன்னது” என்றாள். அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டோம். எழுதியது எல்லோரும், வாசிப்பது ஒருத்தி.

ஆறாவது அறிவு என்ற சொல்லை நாங்கள் இரண்டு பொருளில் வழங்குகிறோம். உயர்தரத்தில் தமிழ் எடுத்தவர்களுக்குத் தொல்காப்பியத்தின் மரபியல் ஞாபகம் இருக்கும். புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு ஒன்று. நத்தைக்குச் சுவையும் சேர்ந்து இரண்டு. எறும்புக்கு மணத்தோடு மூன்று, நண்டுக்குக் கண்ணோடு நான்கு, விலங்குக்குச் செவியோடு ஐந்து. மனிதருக்கு ஆறு, அந்த ஆறாவது மனம். தொல்காப்பியர் சொன்ன மனம், ஐந்து வழியாலும் வந்ததைச் சேர்த்துப் பார்த்து இது இன்னது என்று தேர்ந்து அறிவது. மந்திரம் மாயம் அதில் இல்லை. மனிதராய்ப் பிறந்தும் அதைப் பாவிக்காதவர்களை ‘மாக்கள்’ என்று விலங்கோடு சேர்த்துவிட்டார் மனுசன்.

இன்றைக்கு நாங்கள் அந்தச் சொல்லால் கருதுவது வேறு. கண், காது எதுவும் உதவாமல், நடக்கப்போவதோ தூரத்தில் நடப்பதோ தானாக நெஞ்சில் தட்டுப்படுவது. இது ஆங்கிலத்தில் இருந்து வந்து எங்கள் சொல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்ட பொருள். முதலாவது பொருளில் ஆறாவது அறிவு எல்லோரிடமும் உண்டு. இரண்டாவது பொருளில் உண்டா என்பதுதான் கேள்வி.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தாயாரின் கதையைச் சொல்கிறோம். 1983 ஜூலை 25, திங்கட்கிழமை காலை. அவர் பிள்ளைகளை எழுப்பி, நாலு சட்டையைப் பையில் அடைத்து, வெள்ளவத்தை ஒழுங்கை வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்பக்கத்துச் சிங்களக் குடும்பத்திடம் போய்விட்டார். மத்தியானத்துக்குள் அந்த வீடு எரிந்தது. அம்மாவுக்கு ஆறாவது அறிவு என்று பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இந்தப் பேச்சுக்காக அவரிடம் ஆறுதலாக இருந்து கேட்டோம். முதல் நாள் கனத்தையில் இராணுவத்தினரின் இறுதிச் சடங்கு என்று அவருக்குத் தெரியும். இரவு பொரளைப் பக்கத்து வானம் சிவப்பாக இருந்ததைப் பார்த்திருக்கிறார். விடிந்தபின் பாண்காரன் வரவில்லை. ஒவ்வொரு நாளும் சிரித்துக் கதைக்கும் முன்வீட்டுக்காரர் அன்றைக்கு முகத்தைப் பார்க்காமல் யன்னலைச் சாத்தினாராம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, “இதெல்லாம் நீங்கள் கேட்கத்தான் ஞாபகம் வருது, அன்றைக்கு மனம் படபடத்தது மட்டும்தான் தெரியும்” என்றார்.

இதே மாதிரி ஒன்றை அமெரிக்காவில் கேரி கிளைன் என்ற உளவியலாளர் பதிவுசெய்திருக்கிறார். கிளீவ்லண்ட் நகரில் ஒரு வீட்டின் சமையலறையில் தீ என்று தீயணைப்புப் படை உள்ளே போனது. தண்ணீர் அடித்தும் தீ தணியவில்லை. ஏதோ சரியில்லை என்று பட, படைத்தலைவர் எல்லோரையும் வெளியே எடுத்தார். அடுத்த கணம் அவர்கள் நின்ற தரை இடிந்து விழுந்தது. நெருப்பு நிலத்தடி அறையில் இருந்திருக்கிறது. அந்த அலுவலரும் தனக்கு அபூர்வ சக்தி உண்டென்றே நம்பியிருந்தார். கிளைன் துருவிக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: சின்னத் தீக்கு அந்த அறையில் வெக்கை அதிகம், அந்த வெக்கைக்குச் சத்தம் குறைவு. உடம்பு கணக்குப் பார்த்து முடித்துவிட்டது. விடை மட்டும் மேலே வந்தது. வெள்ளவத்தைத் தாயாருக்கும் அதுதான் நடந்தது என்று நாங்கள் நினைக்கிறோம். அவருடைய கெட்டித்தனம் இதனால் ஒரு அங்குலமும் குறையாது, கூடும்.

2004 சுனாமிக்குப் பிறகு யால மிருகங்கள் முன்கூட்டியே அறிந்து ஓடிவிட்டன என்று உலகமெல்லாம் எழுதினார்கள். அங்கே செய்மதிக் கழுத்துப்பட்டி பூட்டியிருந்த இரண்டு யானைகளின் நடமாட்டத்தை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அலை வருமுன் அவை விலகி ஓடியதற்குச் சான்றில்லை என்று 2006இல் எழுதினார்கள். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைக் காசு வைத்தே கேட்ட ஒருவர் இருந்தார். வெள்ளவத்தைக்குப் பக்கத்தில், பாமன்கடை ஒழுங்கையில் குடியிருந்த ஆபிரகாம் கோவூர். 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து, 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தொடங்கிக் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி வரை தாவரவியல் படிப்பித்து, 1959இல் ஓய்வுபெற்றவர். அற்புத சக்தியை ஏமாற்று இல்லாமல் நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் அறிவித்தார். அக்காலத்தில் அது வீடு வளவு வாங்கக்கூடிய காசு. அவர் கேட்டவற்றில் ஒன்று, மூடி முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் நாணயத்தாளின் இலக்கத்தைச் சொல்வது. இன்னொன்று சாத்திரிமாருக்கு. பிறந்த நேரமும் இடமும் சரியாகக் குறித்த பத்துச் சாதகங்களைப் பார்த்து, ஆண் யார், பெண் யார், உயிரோடு இருப்பவர் யார், இறந்தவர் யார் என்று பிரித்துச் சொல்லவேண்டும். 1978இல் அவர் இறக்கும் வரை ஒருவரும் வெல்லவில்லை. கோவூரின் தொனி எங்களில் பலருக்குப் பிடிக்காது. நாங்கள் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போகிறவர்கள். அவர் எங்களையும் சேர்த்துத்தான் கேலி செய்தார். ஆனால் அந்தப் பத்துச் சாதகத்தை மட்டும் எங்களால் மறக்க முடியவில்லை.

ஏனென்றால் ‘உயிரோடு இருக்கிறானா’ என்ற கேள்வியோடு சாத்திரம் கேட்கப் போன தாய்மார் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் சாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு சாத்திரி விட்டு ஒரு சாத்திரி என்று அலைந்தவர்கள். “இருக்கிறான், தண்ணி உள்ள ஒரு இடத்தில் இருக்கிறான், ஆவணிக்குப் பிறகு சேதி வரும்.” ஆவணி வரும், போகும். போனவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம்; வேறு எந்தக் கதவும் திறக்காதபோது திறந்திருந்த கதவு அது. காசை வாங்கிக்கொண்டு ஆவணியைச் சொன்னவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதைவிடக் கடுமையானது ஒன்றும் உண்டு. ‘பெத்த மனம் அறியும்’ என்று எவ்வளவு இலேசாகச் சொல்கிறோம்! அறியாத பெத்த மனம் என்ன செய்யும் என்று யோசிக்கிறோமா? கொட்டாஞ்சேனையில் ஒரு தாய், 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, மகளுக்குத் தலைவாரி, புதுச்சட்டை போட்டு, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் திருப்பலிக்கு அனுப்பினார். மகள் திரும்பவில்லை. அஞ்சலிக்கு வந்தவர்களில் மூன்று பேர், தங்கள் மனம் அன்றைக்குப் போகவேண்டாம் என்று தடுத்தது என்று அவருக்கு முன்னாலேயே கதைத்திருக்கிறார்கள். எங்கள் தோழி போனபோது அவர் ஒன்றைத்தான் கேட்டாராம்: “எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் தோன்றேல்லை? நான் என்ன தாய்?”

தோழிக்கு அப்போது பதில் வரவில்லை. பிறகு நாங்கள் கூடிப் பேசித்தான் அவளைத் திரும்பவும் அனுப்பினோம். தாக்குதல் பற்றிய உளவுத் தகவல் ஏப்ரல் 4ஆம் திகதி தொடக்கமே இந்தியாவில் இருந்து எங்கள் அதிகாரிகளுக்கு வந்திருந்தது. எழுத்தில் இருந்தது. கடமையில் தவறியதாக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதியை மட்டும் 100 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. தெரியவேண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. கொட்டாஞ்சேனை வீட்டில் அன்றைக்கு வானம் சிவக்கவில்லை, பாண்காரன் வராமல் இருக்கவில்லை, முன்வீட்டுக்காரர் முகம் திருப்பவில்லை. பண்டிகை நாள், மணிச் சத்தம், பக்கத்து வீட்டுப் பலகார வாசம். ஐந்து வழியாலும் ஒன்றும் வராதபோது ஆறாவது எதை எடுத்து அறியும்?

தோழி இதையெல்லாம் அவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மகளின் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கைத் தூண்டினார். பிறகு, “அந்தத் தீர்ப்பு தமிழில் இருக்கா பிள்ளை? இருந்தால் கொண்டுவந்து வாசிச்சுக் காட்டு” என்றார்.

அதை வாசித்துக் காட்டத் தோழி அடுத்த ஞாயிறு போகிறாள். வரக்கூடியவர்கள் அவளோடு வாருங்கள்.