புயலுக்கு முன்னால் கேட்க வேண்டிய பணம்

(கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து, "காலநிலை மாற்றம், காலநிலை மாற்றம்னு சொல்றீங்களே, நம்ம குழுவுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்? கடன் பாக்கியைப் பத்திப் பேசினாலாவது பிரயோசனம்" என்று கேட்டாங்க. அன்றைக்கு நாங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு அந்தக் கடன் பாக்கியிலிருந்தே தொடங்குகிறோம்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையைக் கடந்தது. தென்னை போச்சு, கூரை போச்சு, ஆடு மாடு போச்சு. அதுக்கப்புறம் எத்தனை மாதம் நம்ம குழு நோட்டில் தவணை எழுதும் இடம் காலியாகக் கிடந்தது! தவணை தவறியவங்க யாரும் ஏமாற்றுக்காரங்க இல்லை. கடன் வாங்கிக் கட்டின கறவை மாடே செத்துப்போனால் எதை வைத்துக் கட்டுறது?

புயலை நிறுத்த நம்மால் முடியாது. கடல் சூடாகச் சூடாகப் புயலின் வேகமும், கொஞ்ச நேரத்தில் கொட்டுகிற மழையும் கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். ஆனால் சேதம் எவ்வளவு என்பது முன்கூட்டியே செய்து வைத்த வேலையைப் பொறுத்தது. கஜா ராத்திரி நாங்கள் போன ஒரு முகாமில் நூறு பெண்களுக்கு மேல் இருந்தாங்க. கழிப்பறை ஒன்றே ஒன்று. அதுக்கும் தாழ்ப்பாள் இல்லை. வயசுப் பிள்ளைகளை அழைத்து வந்த அம்மாக்கள் சிலர், கூரை பறந்தாலும் பரவாயில்லைன்னு வீட்டுக்கே கிளம்பிட்டாங்க. கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாப் போச்சு. ஒரு தாழ்ப்பாள் என்ன விலை? மறுநாள் கொடுத்த ஒரு மூட்டை அரிசி விலைகூட வராது.

சரி, முன்கூட்டியே வேலை செய்ய அரசாங்கத்தில் பணம் இருக்கா? 2005-ஆம் வருடத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலேயே இரண்டு வகை நிதி சொல்லியிருக்கிறது. பேரிடர் வந்த பிறகு கொடுப்பது ஒன்று. வருவதற்கு முன்னாலேயே சேதத்தைக் குறைக்கச் செலவு செய்வது இன்னொன்று. இதற்குத் தணிப்பு நிதி என்று பெயர். இந்த இரண்டாவது நிதிக்கு 2021-இல்தான் பணம் ஒதுக்கினார்கள். 15-ஆவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரை எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 1,60,153 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டது. அதை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 80 ரூபாய் முதல் வகை நிதிக்கு, 20 ரூபாய் தணிப்புக்கு. பதினாறு வருடம் கழித்து வந்த இருபது ரூபாய்! எங்களைக் கேட்டால் இது பத்தாது.

இந்தப் பணம் நேராக ஊராட்சிக்கு வருவதில்லை. மாவட்டம் கேட்டு, மாநிலம் ஒப்புதல் தர வேண்டும். 2022-இல் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியபோது மாவட்டத்தில் அந்தப் பொறுப்பையும் ஆட்சியரிடம்தான் கொடுத்தார்கள். ஆட்சியருக்கு நம்ம தெருவில் தண்ணீர் நிற்பது எப்படித் தெரியும்? ஊரிலிருந்து எழுத்து போனால்தான் தெரியும். சின்ன வேலையாக இருந்தால் ஊராட்சியின் சொந்தத் திட்டத்திலேயே சேர்த்துவிடலாம்.

அடுத்த வருடத்துக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டப் பேச்சு அக்டோபர் 2 கிராம சபையில் தொடங்குகிறது. குழுக்களும் தங்கள் பங்குக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுக்கிறோம். போன தடவை என்ன எழுதினோம்? வீடு, தெருவிளக்கு, முதியோர் உதவித்தொகை. எல்லாம் வேண்டியதுதான். வடிகாலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படிவத்தை நிரப்ப உட்கார்ந்தது நாங்களும்தான், எங்களுக்கும் தோணவில்லை.

இந்த விஷயத்தில் நம்மளைவிட விவரம் தெரிந்தவங்க யாரு? மழை பெய்தால் முதலில் யார் அடுப்படியில் தண்ணீர் ஏறும், எந்த அடிபம்பு எந்த மாதம் உப்புக் கரிக்கும், எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்காங்க என்று தண்ணீர் தூக்குகிறவங்களுக்குத் தெரியும். ஆகவே அடுத்த குழுக் கூட்டத்தில் தரையில் கோலமாவால் ஊர்ப் படம் போடுங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் புளியங்கொட்டை வையுங்கள். மாமியார்களையும் கூப்பிடுங்கள், பழைய வாய்க்கால் எங்கே ஓடியது என்று அவங்கதான் சொல்லுவாங்க.

பிறகு எழுதுங்கள். "வடிகால் தூர்வார வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் அது கோப்பிலேயே தூங்கும். எங்கிருந்து எதுவரை, எத்தனை வீட்டுக்குப் பாதிப்பு, எந்த மழையில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று எழுத வேண்டும். முகாமாகும் பள்ளிக்கூடத்துக்குப் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, தாழ்ப்பாள், விளக்கு, சாவி யாரிடம் இருக்கும் என்பது வரைக்கும் சேருங்கள். கிராம சபையில் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மான நோட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூட்டம் முடியுமுன் கையெழுத்துக் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லலாம், தப்பில்லை.

தீர்மான எண்ணையும் மனு நகலையும் நவம்பர் மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். எல்லா ஊர் மனுவையும் சேர்த்துக் கூட்டமைப்பு சார்பில் ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறோம். பஸ் செலவைக் கூட்டமைப்பு ஏற்கும். ஊருக்கு இரண்டு பேர் வந்தால் போதும்.