நான் பழகிய கார்கள்

மனிதன் தன்னைச் சுமந்து சென்ற வாகனத்தை எளிதில் மறப்பதில்லை. குதிரை ஏறிய வீரர்கள் தம் குதிரைகளுக்குப் பெயரிட்டுப் போற்றினார்கள். வண்டி பூட்டிய உழவர்களோ தம் மாட்டின் கொம்பையும் சுழியையும் நடையையும் பல்லாண்டு கழித்தும் நினைவு கூர்வார்கள். உயிருள்ள விலங்கின்பால் இத்தகைய பற்று உண்டாவது இயல்பே. ஆனால் இரும்பாலும் ரப்பராலும் ஆன ஓர் எந்திரத்தின்பாலும் அதே பற்று உண்டாகின்றதே, அஃது ஏன்? இந்தக் கேள்விக்கு, நான் பழகிய கார்களைக் கொண்டே விடை காண முயல்கிறேன்.

எங்களுக்குள் சிறியதொரு நண்பர் குழு உண்டு. ஒருவர் மருத்துவர், ஒருவர் வங்கியில் பணியாற்றியவர், ஒருவர் லாரித் தொழில் நடத்தியவர், நான் கல்லூரியில் பௌதிகம் கற்பித்தவன். எங்களை ஒன்று சேர்த்தது கார்ப்பித்து. மாதம் ஒரு முறை கூடுவோம். உலக நடப்பைப் பற்றித் தொடங்கும் பேச்சு, கால்மணி நேரத்துக்குள், "என்னிடம் இருந்த அந்த வண்டி" என்ற இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். பேரப் பிள்ளைகள் பிறந்த ஆண்டைச் சொல்லத் தடுமாறுகிறவர்களும், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் விற்றுவிட்ட காரின் பதிவு எண்ணைத் தடையின்றிச் சொல்வார்கள்!

என் முதல் கார் மாரிஸ் மைனர். 1969ஆம் ஆண்டில் அதை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். புதியது அன்று, 1951ஆம் ஆண்டு வண்டி, இருவர் கைமாறி என்னிடம் வந்தது. மாரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் பிறந்தது. அதை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியல் வல்லுநர். பின்னாளில் மினி காரை உலகுக்குத் தந்தவரும் அவரே. மைனரின் மாதிரி வண்டி உருவான பிறகு, அஃது ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. உடனே அதை நெடுக்கில் இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் விலக்கியபோது அளவு கண்ணுக்குப் பொருந்திற்று. பம்பர்களோ பழைய அளவில் முன்னரே செய்யப்பட்டிருந்தன. ஆகவே தொடக்கத்தில் வெளிவந்த வண்டிகளில், பம்பரை நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டே பொருத்தினார்கள். பெரிய தொழிற்சாலையிலும் கடைசித் தீர்ப்பைக் கண்ணே வழங்குவதுண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

அந்த வண்டியில் திரும்புவதற்கு அடையாளமாக விளக்கு மின்னாது. ரயில் கைகாட்டியைப்போல ஒரு சிறு கை கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும். அதைக் காண்பதற்கென்றே தெருப் பிள்ளைகள் மூலையில் காத்திருப்பார்கள். எஞ்சினின் கொள்ளளவு 918 கன சென்டிமீட்டர். ஆற்றல் ஏறத்தாழ 27 குதிரைத்திறன். முன்புறத் துளையில் இரும்புப் பிடியை நுழைத்துச் சுழற்றியும் எஞ்சினைக் கிளப்பலாம். அவ்வாறு சுழற்றும்போது கட்டைவிரலைப் பிடிக்கு மறுபுறம் வளைத்துப் பிடிக்கலாகாது. மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வைக்கவேண்டும். எஞ்சின் பின்னுதைத்தால் பிடி எதிர்த்திசையில் சுழன்று விரலை முறித்துவிடும்.

இதை எனக்குக் கற்பித்தவர் திருச்சி பாலக்கரையில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக். அவரை நாங்கள் எல்லாரும் "பாய்" என்றே அழைப்போம். அவர் பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். ஆயினும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது நீண்ட திருப்புளியின் நுனியை அதன்மேல் வைத்து, பிடியைத் தம் காதோடு சேர்த்துக் கேட்பார். பிறகு, "சார், மூணாவது வால்வு சத்தம் போடுது" என்பார். திறந்து பார்த்தால் அவ்வாறே இருக்கும். மருத்துவ நண்பர் ஒரு முறை இதைக் கண்டு, "நான் குழாய் வைத்துக் கேட்பதும் இவர் திருப்புளி வைத்துக் கேட்பதும் ஒரே கலைதான்" என்று வியந்தார்.

அந்நாளில் கார் வைத்திருந்தவன் பௌதிகத்தை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கற்றே தீரவேண்டும். ஏற்காட்டு மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அக்காலத்துக் கார் எதுவாயினும் பாதி மலை ஏறுவதற்குள் ரேடியேட்டரில் நீர் கொதிக்கத் தொடங்கும். உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. சமவெளியில் 100 பாகையில் கொதிக்கும் நீர், மலையுச்சியில் 95 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியில் வில்லை அமைத்து உள்ளே அழுத்தத்தை மிகுதியாக்குவது இதனால்தான். சில வேளைகளில் பெட்ரோலும் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும், எஞ்சின் நின்றுவிடும். அப்போது துணியை நனைத்துப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிவிட்டு, மரநிழலில் அமர்ந்திருப்போம். குழாய் குளிர்ந்ததும் வண்டி புறப்படும். வகுப்பில் நான் ஒரு மணி நேரம் விளக்கிய பாடத்தை, அந்த ஈரத்துணி பத்து நிமிடத்தில் விளக்கிவிடும்.

1974இல் மைனரைக் கொடுத்துவிட்டு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கினேன். இது நம் சென்னையிலேயே செய்யப்பட்ட கார். சுதந்தரத்துக்குப் பின் வெளிநாட்டு முழுக்கார்களின் இறக்குமதியை அரசு தடுத்தது. பாகங்களைக் கொணர்ந்து இணைப்பதோடு நில்லாமல், அவற்றை இங்கேயே உற்பத்தி செய்ய முன்வரும் நிறுவனங்களே நிலைக்கலாம் என்று 1953இல் சுங்கவரிக் குழு பரிந்துரைத்தது. அதன் பிறகு இந்தியச் சாலைகளை மூன்று கார்களே ஆண்டன எனலாம். கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் அம்பாசிடர், பம்பாயில் பியட், சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு. ஹெரால்டு 1961 முதல் இங்கே உருவாயிற்று. அதன் வடிவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோத்தி.

ஹெரால்டின் தனிச்சிறப்பு அதன் முகப்பு மூடி. மற்றக் கார்களில் எஞ்சினின்மேல் உள்ள தகடு மட்டுமே திறக்கும். ஹெரால்டிலோ விளக்குகள், சக்கரக் காப்புகள் ஆகியவற்றோடு முன்பாகம் முழுவதுமே முன்னோக்கிச் சாய்ந்துவிடும். எஞ்சின், ஸ்டியரிங் அமைப்பு, முன்சக்கரங்களின் சுருள்வில் எல்லாம் விரித்துவைத்த புத்தகம்போலக் காட்சி தரும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மாணவர்கள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். திறந்த வண்டியைச் சுற்றி நின்று, எரிபொருள் வெடித்துப் பிஸ்டனைத் தள்ளுவதும், பிஸ்டனின் மேல்கீழ் இயக்கம் கிராங்குத் தண்டில் சுழற்சியாக மாறுவதும், அந்தச் சுழற்சி கியர்களின் வழியே சக்கரத்தை அடைவதும் எவ்வாறு என்பதைக் கண்ணால் கண்டு தெளிவார்கள். அவர்களுள் ஒருவர் பின்னர் எஞ்சின் வகுக்கும் பொறியியலாளர் ஆனார்.

1982இல் பிரிமியர் பத்மினி. நான் வாங்கிய முதல் புதுக்கார் இது. அந்நாளில் புதுக்கார் வேண்டுவோர் முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது நாடெங்கும் வழக்கம். தேவை மிகுதி, உற்பத்தி குறைவு. ஆதலால் பழைய வண்டியையே பேணிக் காப்பது கட்டாயமாயிற்று. பேணும் கலையும் அதனால் வளர்ந்தது. பற்றாக்குறை சில நற்பழக்கங்களைத் தந்தது உண்மை. ஆனால் அதற்காகப் பற்றாக்குறையையே போற்றுவது அறிவுடைமை ஆகாது.

1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்தது. எங்கள் லாரி நண்பர் அம்பாசிடர் அன்பர். அவர் மாருதியைப் பார்த்து, "இது காரா, தீப்பெட்டியா?" என்று நகைத்தார். நான் 1993இல் ஒன்று வாங்கியபோது எண்களைக் கொண்டே அவருக்கு விடையளித்தேன். மைனரின் எஞ்சினைவிட இதன் எஞ்சின் சிறியது. 796 கன சென்டிமீட்டர்தான். உருளைகளும் நான்கு அல்ல, மூன்றே. ஆயினும் இதன் ஆற்றல் ஏறத்தாழ 37 குதிரைத்திறன்! உருவம் சிறுத்தும் ஆற்றல் பெருத்திருந்தது. ஓராண்டுக்குப்பின் அந்த நண்பர் வீட்டு வாயிலிலும் ஒரு தீப்பெட்டி நின்றது. 2014ஆம் ஆண்டில் அம்பாசிடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் நின்றன. வண்டலூர்த் தொழிற்சாலை அதற்குமுன், எண்பதுகளின் இறுதியிலேயே ஓய்ந்துவிட்டது.

இதுவரை இனிய நினைவுகளையே சொன்னேன். எங்கள் கூட்டத்தில் பேச்சு சிரிப்பும் பெருமையுமாக ஓடும்போது, திடீரென்று எல்லாரும் மௌனமாகும் ஓர் இடம் உண்டு. முதலில் நாங்கள் ஐவர் இருந்தோம். ஐந்தாம் நண்பர் 1979இல், விழுப்புரத்துக்கு அருகே, இரவில், விளக்கில்லாத மாட்டு வண்டிக்கு இடம்விட்டு ஒதுங்கியபோது புளியமரத்தில் மோதினார். வேகம் மிகுதி இல்லை. காரும் அதிகம் நசுங்கவில்லை. ஆனால் அவர் பிழைக்கவில்லை. வளையாத ஸ்டியரிங் தண்டு அவர் மார்பைத் தாக்கிவிட்டது. அது எந்தக் கார் என்று நான் சொல்லப்போவதில்லை. அக்காலத்துக் கார்கள் பலவற்றிலும் அதுவே நிகழ்ந்திருக்கும்.

"அந்தக் காலத்துக் கார் எத்தனை கெட்டி!" என்று இன்றும் பலர் புகழக் கேட்கிறோம். கெட்டியான தகடு காரைக் காத்தது. உள்ளிருந்த மனிதனைக் காக்கவில்லை. ஓடும் பொருள் நிற்கும்போது அதன் இயக்க ஆற்றல் எங்கேனும் செலவாக வேண்டும். காரின் முன்பாகம் மடங்கி அதை ஏற்றுக்கொள்ளாவிட்டால், மனித உடல் ஏற்கவேண்டி வரும். ஆகவேதான் இக்காலக் கார்களின் முன்பாகத்தை வேண்டுமென்றே நசுங்குமாறு வகுக்கிறார்கள். ஸ்டியரிங் தண்டும் மோதலில் மடங்குமாறு அமைகிறது. தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பிணைக்கும் இருக்கைப் பட்டையை வோல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் 1959இலேயே வகுத்தார். அந்நிறுவனம் அதன் காப்புரிமையை உலகத்தார் எல்லாரும் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. எங்கள் நண்பர் இறந்தபோது அந்தப் பட்டைக்கு இருபது வயது. நம் நாட்டிலோ புதுக்கார்களின் முன்னிருக்கைகளில் அது கட்டாயமானது 1994இல்தான். ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019இல். அறிவு உலகில் பிறந்துவிட்டால் போதாது. அது நம் வாயிலுக்கு வந்து சேரவேண்டும். பட்டை காரில் இருந்தும் அதை அணியாதிருப்பவர், வந்து சேர்ந்த அறிவையும் வாயிலிலே நிறுத்திவிடுகிறார்.

2022இல் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன். அதில் கார்புரேட்டர் இல்லை, ரேடியேட்டர் கொதிப்பதில்லை, கியர் மாற்றும் வேலையும் இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, வீணாகப் போகும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. மைனரின் பிரேக்கில் வெறும் வெப்பமாகக் கரைந்த ஆற்றல் அது. நான் இதுவரை ஓட்டியவற்றுள் மிகச் சிறந்த கார் இதுவே; இதில் ஐயமில்லை. ஆயினும் இதன் மூடியைத் திறந்தால் மூடிய பெட்டிகளைத்தான் காண்கிறேன். பாய் காலமாகிவிட்டார். அவர் மகனின் பட்டறையில் இன்று கணிப்பொறி குறையை எழுதிக் காட்டுகிறது. அது துல்லியமானதே. எனினும் தந்தையின் காதில் இருந்த கல்வி எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாமலே அவரோடு மறைந்துவிட்டது.

மாணவ நண்பர்களே, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். பழைய கார்கள் சிறந்தவை என்பதால் நாங்கள் அவற்றை நினைக்கவில்லை. பாதுகாப்பிலும் தூய்மையிலும் சிக்கனத்திலும் அவை இன்றைய கார்களுக்கு ஈடாகமாட்டா. அவை எங்களைக் கற்கச் செய்தன. நாங்கள் அவற்றை அறிந்துகொண்டோம். அந்த அறிவிலிருந்தே பற்றும் பிறந்தது. அன்று எந்திரத்தை அறியாமல் வழியில்லை. இன்று அறியாமலே வாழ்நாள் முழுவதும் ஓட்டலாம். ஆகவே உங்களுக்கு அந்தக் கல்வி தானாக வந்து சேராது. நீங்களே தேடிச் செல்லவேண்டும். உங்கள் தெருப் பட்டறையில் ஒரு நாள் அரைமணி நேரம் நின்று பாருங்கள். அங்கே வேலை செய்பவரிடம் பணிவோடு கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் தாம் ஓட்டிய வண்டிகளைப் பற்றிப் பேசும்போது, ஆண்டையும் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் புகழ்வதை மட்டும் எழுதாமல், அவர்கள் மௌனமாகும் இடத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.