வானூர்தியில் வந்த மீன்கள்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

புலவர் பெருமக்கள் பேசுதற்குரிய இம்மேடையில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரயில்வே குமாஸ்தா ஒருவனுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அவ்வாறே நினைத்து, செயலாளர் அவர்களிடம் என்னை விட்டுவிடுமாறு வேண்டினேன். “உமக்குத் தெரிந்த ஒன்றைப் பேசும், போதும்” என்றார். எனக்குத் தெரிந்தது பார்சல் ஒன்றுதான். ஓரிடத்தில் ஒப்புவித்த பொருளை மற்றோரிடத்தில் சேதமின்றி ஒப்படைப்பதே இருபது ஆண்டுகளாக என் தொழில். 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து புறப்பட்ட இந்தியாவின் முதற் பயணிகள் ரயில் வந்து நின்ற ஊர், நாம் வாழும் இந்தத் தாணே. அத்தகைய ஊரில் பார்சல் குமாஸ்தாவாக இருப்பதில் எனக்குச் சிறிது கர்வமும் உண்டு. அந்தக் கர்வம் சென்ற ஆண்டு அடங்கிய கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் மைத்துனர் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தளமொன்றில் பணியாற்றுகிறார். பொங்கல் விடுமுறைக்கு அவர் வருவதாக எழுதியபோது, ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன், “மாமா, எனக்கு மிட்டாய் வேண்டாம், கண்ணாடித் தொட்டியில் வளர்க்க வண்ண மீன் வேண்டும்” என்று கேட்டுவிட்டான். “மீனை எப்படி அத்தான் கொண்டு வருவது? விமானத்தில் விடுவார்களா?” என்று மைத்துனர் என்னைக் கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘விதியை விசாரித்துப் பாரும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அதை விடுத்து, “துணிகளுக்கு நடுவே வைத்துவிடும். யார் பார்க்கப் போகிறார்கள்?” என்றேன். சீட்டில்லாமல் ஒரு கோழிக்கூடை வந்தாலும் தடுத்து நிறுத்துகிற நான் சொன்ன சொல் இது!

உயிருள்ள மீனை நெடுந்தொலைவு கொண்டுசெல்வது பழைய பிரச்சினை. நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை வளர்க்க விரும்பி, 1863-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் டே என்னும் அறிஞர் மேற்கொண்ட முதல் முயற்சி தோற்றது. அம்மீன் நிலைபெறப் பல்லாண்டுகள் ஆயின. 1907-இல்தான் அவலாஞ்சியில் அதற்கெனக் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. நம் ரயில்களிலும் முற்காலத்தில் வங்காளத்து மீன்குஞ்சுகள் மண்பானைகளில் பயணம் செய்ததுண்டு. கூடவே ஓர் ஆள் அமர்ந்து, வழிநெடுகக் கையால் நீரை அலைத்துக்கொண்டே வருவார். அலைக்கும் நீரில்தான் காற்றுக் கலக்கும். கை ஓய்ந்தால் குஞ்சும் ஓயும்.

அந்தக் கையின் வேலையை இன்று ஆக்சிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பை செய்கிறது. பையில் மூன்றில் ஒரு பங்கு நீரும் இரண்டு பங்கு ஆக்சிஜனும் இருத்தல் வேண்டும். ஒன்று கிழிந்தாலும் மற்றொன்று காக்குமாறு பையின்மேல் பை இட்டு, வெப்பநிலை மாறாதிருக்கத் தெர்மோகோல் பெட்டியில் வைத்து, அதை அட்டைப் பெட்டிக்குள் அடக்குவார்கள். இன்னொரு விதியும் உண்டு. புறப்படுவதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பிருந்தே மீனுக்கு உணவிடலாகாது. தின்ற உணவு கழிவாகும். கழிவிலிருந்து அம்மோனியா பெருகும். மூடிய பையில் அது நஞ்சாகும்.

எங்கள் மீன்களுக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். சிங்கப்பூர்க் கடைக்காரர் கப்பி என்னும் சிறு மீன்கள் பன்னிரண்டை முறைப்படியே கட்டிக் கொடுத்தார். ஆனால் காற்றடைத்த பை பெரிது. மைத்துனரின் பெட்டியோ நிறைந்திருந்தது. கையில் கொண்டு செல்லலாமென்றால் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவம் விமானத்தினுள் ஆகாது. ஆகவே அவர் பையை அவிழ்த்து, மீன்களைச் சிறிய பையொன்றில் மாற்றி, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி இறுக்கிக் கட்டினார். மீனுக்குத் தண்ணீர்தானே வேண்டும் என்பது அவர் எண்ணம். அதனோடு, தொலைதூரப் பயணமாயிற்றே, பசிக்குமே என்று இரண்டு சிட்டிகை தீனியும் தூவினார்! புறப்படுகிறவர் யாராயினும் வயிறு நிரம்ப உண்பித்து, கட்டுச்சோறும் கொடுத்து அனுப்புகிற குலத்தில் பிறந்தவர் அல்லவா? அன்பு மிகுதியால் செய்தார். அவரை நான் குறை கூற மாட்டேன்.

நள்ளிரவில் வீட்டில் பெட்டியைத் திறந்தோம். மகன் உறங்காமல் காத்திருந்தான். ஏழு மீன்கள் இறந்து கிடந்தன. மிகுந்த ஐந்தையாவது காப்போமென்று, குழாயிலிருந்து அப்போதே பிடித்த தண்ணீரில் அவன் அவசரமாகக் கொட்டிவிட்டான். பையை முதலில் தொட்டி நீரின்மேல் கால்மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்த வேண்டும். தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பின்னர் மீனை மட்டும் வலையால் எடுத்துவிட்டுப் பை நீரைக் கொட்டிவிட வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரினை முன்கூட்டியே போக்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் நாங்கள் அறியோம். விடிவதற்குள் மேலும் மூன்று இறந்தன. இரண்டே எஞ்சின. சில நாட்களில் அவற்றின் உடலிலும் உப்புத்தூள் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றின. அது மீன்களிடையே தொற்றும் நோய்.

என் மனைவி மனம் பொறாமல், “இவை சாவதைப் பிள்ளை பார்க்க வேண்டாம். தலாவ்பாளி ஏரியில் விட்டுவிடுங்கள். தண்ணீரைக் கண்டால் பிழைத்துக்கொள்ளும்” என்றாள். தாயுள்ளம் அவ்வாறுதான் சொல்லும். செம்பில் மீன்களை எடுத்துக்கொண்டு, மாலையில் மாசுந்தா ஏரிக்கரைக்குச் சென்றேன். படியில் குனிந்தபோது, திருநெல்வேலிச் சீமையில் எங்கள் ஊர்க் குளம் என் நினைவுக்கு வந்தது.

என் தந்தையார் அக்குளத்தின் அயிரையையும் உளுவையையும் கெண்டையையும் பற்றி நாவூறப் பேசுவார். நான் கோடை விடுமுறையில் போய்த் தூண்டில் போட்ட காலத்தில், இழுக்குந்தோறும் வந்தது ஜிலேபிக் கெண்டை. பெயர் தமிழ்ப் பெயர், பிறப்பு ஆப்பிரிக்கா. திலாப்பியா என்னும் அம்மீனை 1952-ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மக்களுக்கு மலிவாக மீனுணவு கிடைக்கட்டும் என்ற நல்ல நோக்கத்தோடுதான் கொண்டுவந்தார்கள். ஆனால் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே வைத்துக் காக்கும் மீன் அது; ஆண்டுக்குப் பலமுறை இனம் பெருக்கும். பிற மீன்களின் இரையும் இடமும் பறிபோவது கண்டு, 1959-இலேயே அதைப் பரப்பலாகாது என்று தடை விதித்தார்கள். விதித்தென்ன? தடையாணையை மீன் படிப்பதில்லை. குளத்தில் விட்ட மீனைத் திரும்பப் பெறுவதற்கு ரசீதும் இல்லை.

நோயின் கதை அதனினும் கொடியது. கோய் என்னும் அலங்காரக் கெண்டையைத் தாக்கும் ஒருவகை வைரஸ் 1998-இல் இஸ்ரேலில் காணப்பட்டது. ஆரோக்கியமாகத் தோன்றிய மீன்களோடு சேர்ந்து நாடு விட்டு நாடு சென்று, 2002-இல் இந்தோனேசியாவையும் 2003-இல் ஜப்பானின் கசுமிகௌரா ஏரியையும் தாக்கிக் கெண்டைகளைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. இத்தகைய அனுபவங்களால்தான் உயிருள்ள மீனைக் கொண்டுவர அரசின் முன்னனுமதி வேண்டும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் உடல்நலச் சான்று வேண்டும், வந்தபின் தனிமைக் காப்பில் வைக்க வேண்டும் என்றெல்லாம் விதித்திருக்கிறார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் சொன்னேனே, பார்ப்பவர்கள் இருப்பது நம் ஏரிகளுக்காகத்தான்.

செம்போடு வீடு திரும்பினேன். மகன் வாசலில் நின்றான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்பா, உங்கள் ஆபீசுக்குச் சீட்டில்லாமல் யாராவது இப்படி அனுப்பினால் விடுவீர்களா?” என்று கேட்டான். அதிகாரிகள் பலர் என்னை விசாரித்ததுண்டு. எவர் முன்னும் நான் அவ்வளவு தலைகுனிந்ததில்லை. “விடமாட்டேன். நான் செய்தது தவறு” என்றேன். இருவருமாக அவ்விரு மீன்களையும் தனிவாளியில் வைத்து, பதமாக உப்பிட்டு, நாள்தோறும் நீர் மாற்றிப் பேணினோம். ஒன்று இறந்தது. மற்றொன்று தேறியது. அது இன்றும் எங்கள் வீட்டுத் தொட்டியில் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடல் கடந்து கொண்டுவந்த அந்தக் கப்பி மீன், குர்லாச் சந்தையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம் சென்னைக் கொளத்தூரில் வண்ண மீன் வளர்த்தே பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. வீட்டு மாடியிலும் கொல்லையிலும் தொட்டி கட்டி வளர்க்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பிறக்கும் ‘மிஸ் கேரளா’ என்னும் செங்கோட்டு மீனோ, அயல்நாட்டுத் தொட்டிகளுக்கு விமானமேறிப் போயிருக்கிறது. 1865-இல் அதற்குப் பெயரிட்டவர், நான் முன்னர்க் கூறிய பிரான்சிஸ் டே. அக்காலத்துச் சென்னை கவர்னர் டெனிசன் பெயரையே அதற்குச் சூட்டினார். அளவின்றிப் பிடித்ததால் அது இன்று அருகிவரும் மீன்களுள் ஒன்று. நம்முடைய அருமையை நாம் அறியாதிருக்கிறோம். பிறர் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

பெரியோர்களே! பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வெளிநாட்டில் நமக்கு உற்றார் உண்டு. அவர்கள் வரும்போது நம் பிள்ளைகள் எதையேனும் கேட்கத்தான் செய்வார்கள். உயிருள்ளதைக் கேட்டால், மறுக்கும் துணிவு நமக்கு வேண்டும். முறைப்படி வருவது வரட்டும். மீன் ஆசையைக் குர்லாவிலேயே நிறைவேற்றலாம். அங்கு வாங்கியதும் பெருகிப் போனாலோ, அலுத்துப் போனாலோ, அதை மாசுந்தாவிலும் உப்வனிலும் கொண்டுபோய் விடாதீர்கள். கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். இந்த ஏரிகள் நமக்கு நிழலும் காற்றும் தருகின்றன. வந்து தங்கிய வீட்டின் கிணற்றைக் காப்பது விருந்தினன் கடமை. நாமோ விருந்தினர் நிலை கடந்து வீட்டாராகவே ஆகிவிட்டோம்.

எங்கள் வீட்டு மீனைப் பார்க்க விரும்பும் குழந்தைகள் ஞாயிற்றுக்கிழமை வரலாம். தீனி மட்டும் கொண்டுவர வேண்டாம்.