கேட் ஃபோன்ல 108 ஏன் போகல? – டயல் பிளானும் கால் கட்டுப்பாடும்

போன எபிசோட்ல ஆபீஸ் ஃபோன் சிஸ்டத்துல ஒரு கால் எப்படி ரூட் ஆகுதுன்னு பார்த்தோம். இன்னைக்கு அதோட மறுபக்கம்: எந்த ஃபோன்ல இருந்து எந்த கால் போகக் கூடாதுன்னு எப்படி டிசைன் பண்றது?

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் ஒரு ஃபேக்டரிக்கு டயல் பிளான் எழுதினேன். கேட்ல இருந்த ஃபோனுக்கு 'இன்டர்னல் மட்டும்'னு போட்டேன். பில் எகிறக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை. கொஞ்ச நாள் கழிச்சு நைட் ஷிஃப்ட்ல ஒருத்தர் மயங்கி விழுந்துட்டார். செக்யூரிட்டி அண்ணன் அந்த ஃபோன்ல 108 அடிச்சிருக்கார். பீப் பீப்னு டோன்தான். மறுபடியும் அதேதான். அப்புறம் தன்னோட மொபைல்ல கூப்பிட்டார், ஆம்புலன்ஸ் வந்தது, விழுந்தவர் பிழைச்சுட்டார். மறுநாள் போனேன். அண்ணன் கோபப்படல. "அவசரத்துக்கு உதவாத ஃபோன் இங்க எதுக்கு தம்பி?"ன்னு மட்டும் கேட்டார். சிஸ்டம் நான் சொன்னதைத்தான் செஞ்சிருந்தது. அதுதான் உறுத்துச்சு.

சிஸ்கோ கால் மேனேஜரை எடுத்துக்குவோம். இதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒவ்வொரு நம்பரையும் ஒரு அலமாரியில வைக்கிறோம், அது பார்ட்டிஷன். ஒரு ஃபோன் எந்தெந்த அலமாரியைத் திறந்து பார்க்கலாம்ங்கிற பட்டியல், காலிங் சர்ச் ஸ்பேஸ், சுருக்கமா சிஎஸ்எஸ். பட்டியல்ல இல்லாத அலமாரியில இருக்கிற நம்பர், அந்த ஃபோனைப் பொறுத்தவரை உலகத்துலயே இல்லை.

இப்போ 10 ஊர்ல கிளை, ஒவ்வொண்ணுலயும் இன்டர்னல், லோக்கல், எஸ்டிடி, ஐஎஸ்டின்னு 4 வகுப்பு. நேரடியா எழுதினா 40 சிஎஸ்எஸ். இதைப் பிரிச்சு எழுதலாம். எந்த ஊர் கேட்வே வழியா போகணும்ங்கிறதை ஃபோன் சாதனத்துல வைங்க, அது 10. எதைத் தடுக்கணும்ங்கிறதை லைன்ல வைங்க, அது 4. மொத்தம் 14 தான். ரெண்டு பக்கமும் ஒரே அளவு துல்லியமா பொருந்தினா லைன் பக்கம்தான் ஜெயிக்கும். அதனால தடுக்கிற பேட்டர்ன், ரூட் பேட்டர்ன் அளவுக்குத் துல்லியமா இருக்கணும். இல்லேன்னா தடை வேலை செய்யாது. இன்னொரு ஆபத்தும் உண்டு: புது லைனுக்கு சிஎஸ்எஸ் போட மறந்தா, ஐஎஸ்டி வரைக்கும் திறந்து கிடக்கும்.

சரி, 108-க்கு வருவோம். அவசர எண்கள் எந்த வகுப்புக்கும் உட்பட்டது இல்லை. 108, 112 ரெண்டும் எல்லா ஃபோன்லயும் போகணும். வெளி லைனுக்கு 0 அடிக்கிற ஆபீஸா இருந்தா, 0 போட்டாலும் போகணும், போடலைன்னாலும் போகணும். பதட்டத்துல யாருக்கு அந்த 0 ஞாபகம் வரும்? 2013-ல அமெரிக்காவுல டெக்சாஸ்ல ஒரு ஹோட்டல் அறையில தாய் தாக்கப்பட்டப்போ, 9 வயசு மகள் திரும்பத் திரும்ப 911 அடிச்சா. முன்னாடி 9 சேர்க்கணும்னு அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அம்மா இறந்துட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் 2018-ல காரிஸ் லா வந்துச்சு: முன்னெண் இல்லாமலேயே 911 போகணும்.

இதுல ஒரு சிக்கல். உங்க எக்ஸ்டென்ஷன் 1080-ல ஆரம்பிச்சா, 108 அடிச்சதும் சிஸ்டம் அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும். டிஃபால்ட்டா 15 விநாடி. 'அர்ஜென்ட் பிரையாரிட்டி' போட்டா உடனே போகும், ஆனா 1080-ல இருந்து 1089 வரை யாரையும் கூப்பிட முடியாது. அதனால 108, 112-ல ஆரம்பிக்கிற எக்ஸ்டென்ஷனை யாருக்கும் கொடுக்காதீங்க.

கடைசியா, கால் ஃபார்வர்டு. இதுக்குத் தனி சிஎஸ்எஸ் உண்டு. அதுல ஐஎஸ்டி திறந்திருந்தா, ரிசப்ஷன் ஃபோனை வெளிநாட்டு நம்பருக்குத் திருப்பிவிட்டு, வெளியில இருந்து உங்க செலவுல பேசலாம்.

எழுதி முடிச்சதும் டயல்டு நம்பர் அனலைசர்ல ஒவ்வொரு வகுப்புக்கும் 108 போட்டுப் பாருங்க. அந்த ஃபேக்டரியில நான் முதல்ல மாத்தினது கேட் ஃபோனைத்தான். மாத்திட்டு அண்ணன்கிட்ட போய்ச் சொன்னேன். "இப்போ சரி தம்பி"ன்னார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.