முதுகு நிமிரும் கணம்



பரதம் பயிலும் மாணவியாக, வெண்மணியை நடனமாக்கியபோது கற்றதைச் சொல்கிறேன்.

1968 டிசம்பர் 25 அன்று, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள்.

இதை ஆடப்போகிறேன் என்றதும் பலரும் கேட்டது, “தீயை எப்படிக் காட்டுவாய்?” என்றுதான். தீயைக் காட்டக் கைமுத்திரை இருக்கிறது. சிவப்பு விளக்கும் கிடைக்கும். ஆனால் தீ, பண்ணையார் கூட்டத்தின் செயல். நம் மக்கள் செய்தது என்ன? நாற்று நட்டார்கள், சங்கமாகச் சேர்ந்தார்கள், கூலி கேட்டார்கள். அதைத்தான் ஆட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அரைமண்டியில் முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். நடவிலோ முதுகு வளையும், கால் பின்னோக்கி நகரும். வகுப்பில் கிடைக்காத அந்த அசைவை நடவுப் பெண்களிடம்தான் கற்றேன். இந்த ஆட்டத்துக்கு அவர்களே என் ஆசிரியர்கள்.

மேடையில் தீ இல்லை. குனிந்து நடும் பெண்கள் பறையின் அடிக்கு ஒவ்வொருவராக நிமிர்ந்து நிற்கிறார்கள். அந்த நிமிர்வைப் பொறுக்காமல்தான் குடிசைக்குத் தீ வைத்தார்கள்.

சமூகக் கருவைத் தேடும் மாணவர்களே, நம் சாவை மட்டும் ஆடிக் கண்ணீர் வாங்காதீர்கள். நம்மவர் எதற்காக எழுந்து நின்றார்கள் என்பதை ஆடுங்கள். பார்ப்பவர் முதுகும் கொஞ்சம் நிமிரட்டும்.