விதைப்பு யந்திரமும் வயலின் வடிவும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சதுரமாய் அளந்த சமநிலமும் உண்டு. குன்றுச் சரிவில் வளைந்து செல்லும் சோளவயலும் உண்டு. விதைப்பு யந்திரம் வாங்கும் கமக்காரர் முதலில் தம் வயலின் எல்லையை நோக்குதல் நன்று.

பழைய யந்திரத்தில் நிலத்தில் உருளும் சில்லே சங்கிலியாலும் பற்சில்லுகளாலும் விதைத்தட்டைச் சுழற்றும். யந்திரம் விரைந்தால் தட்டும் விரையும். ஆதலின் விதைகளின் இடைவெளி மாறாது. சில்லு வழுக்கினாலோ இடைவெளி கெடும். விதையளவைக் கூட்டவோ குறைக்கவோ பற்சில்லை மாற்றவேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் மோட்டார் இத்தொல்லைகளைத் தீர்த்தது. வரிசைக்கொரு மின்மோட்டார் அதனினும் நுட்பமானது. வளைவில் வெளிவரிசை விரைவதையும் உள்வரிசை பிந்துவதையும் தனித்தனியே ஈடுசெய்யும். விலையும் அதற்கேற்ப மிகும்.

எல்லை சரிந்தோடும் வயலில், முன்னரே விதைத்த ஓரவரிசைகளின்மேல் யந்திரம் மீண்டும் ஏறும். அங்கே பயிர் இருமடங்காய் நெருங்கிக் கதிர் சிறுக்கும். தண்டு மெலிந்து சாயும். 80,000 மணி கொண்ட விலையுயர்ந்த விதைப்பையும் விரைவில் வெறுமையாகும். செய்மதியின் துணையால் வரிசை வரிசையாக விதையை நிறுத்தும் கிளச்சே இத்தகையோர் முதலில் வாங்கத்தக்கது. பழைய சங்கிலி ஓட்டத்திலும் அதனைப் பொருத்தலாம். சதுரவயற்காரருக்கு அதனால் வரும் மிச்சம் சிறிதே. அவர் துருவேறி இறுகிய சங்கிலியை மாற்றினாலே விதை சீராக விழும்.